ரி-56: ஒரே பெயர், வேறு வேறு துப்பாக்கி

மட்டக்களப்பு, அம்பாறைச் செய்திகளில் "ரி-56 ரக துப்பாக்கி மீட்பு" என்று எத்தனையோ தடவை வாசித்திருப்போம். பெயர் ஒன்றுதான். படத்தை உற்றுப் பார்த்தால் ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசம்.

சோவியத் ஏகே-47ஐப் பார்த்து 1956இல் சீனா எடுத்த வடிவம் இது. 7.62×39 மி.மீ. ரவை, 30 ரவை மகசீன். பலர் இதை ஏகேஎம் என்றே சொல்லிவிடுகிறார்கள். ஏகேஎம் 1959இல் வந்த சோவியத் தயாரிப்பு. பிரித்தறிய, குழல்முனையருகே குறிபார்க்க உதவும் முன் குறிமுள்ளைப் பாருங்கள்: ரி-56இல் அதைச் சுற்றி மூடிய வளையம், ஏகேஎம்மில் மேலே திறந்த இரண்டு காதுகள். ரி-56இன் மேல்மூடி வழவழப்பானது, ஏகேஎம் மூடியில் வரிமேடுகள் உண்டு. 1960களின் நடுப்பகுதிக்குப் பிந்திய ரி-56இன் உடற்பெட்டி 1.5 மி.மீ. தகடு, ஏகேஎம்முக்கு 1 மி.மீ. ஆகவே ரி-56 பாரம் கூட. தொடர்ச்சியாகச் சுடும்போது குழல் மேலெழுவதை ஏகேஎம் குழல்முனையிலுள்ள சரிவான துண்டு குறைக்கிறது. ரி-56இல் அந்தத் துண்டு இல்லை, அதன் பாரம்தான் கைகொடுக்கிறது.

உண்மையான போட்டி ரி-56இன் மூன்று வகைகளின் பிடிகளுக்கு, அதாவது தோளில் வைக்கும் பின்பகுதிகளுக்கு, இடையேதான். மூல வடிவத்துக்கு மரப்பிடி. தோளில் உறுதியாக நிற்கும், துப்புரவுச் சாமான்கள் அதற்குள்ளேயே இருக்கும், குழலின் கீழ் மடியும் முள் பயனெட்டும் உண்டு. 56-1 என்ற வகையில் இரும்புப் பிடி கீழ்ப்பக்கமாக மடியும், நீளம் சுமார் 87 செ.மீ.இலிருந்து 65 ஆகும். வாகனத்துக்குள் வசதிதான். ஆனால் கன்னம் வைக்க மெல்லிய கம்பி மட்டுமே. பாவிக்கப் பாவிக்கப் பூட்டு தேய்ந்து பிடி ஆடத் தொடங்கும், ஆடினால் குறி தவறும். துப்புரவுச் சாமானையும் வேறாகச் சுமக்க வேண்டும். 1980இல் வந்த 56-2இன் பிடி வலப்பக்கமாக மடியும், கன்னத்துக்குத் தனிப் பட்டையும் உண்டு. மூன்றிலும் சிறந்த வடிவமைப்பு இதுவே என்பேன்.

இலங்கை இராணுவம் முன்பு பாவித்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கி இன்னொரு வகை: 7.62×51 மி.மீ. ரவை, 20 ரவை மகசீன், ஒவ்வொன்றாகத்தான் சுடும், நீளம் 1.14 மீற்றர். மட்டக்களப்பின் படுவான்கரை வயல்வெளி போன்ற திறந்த இடத்தில் அதன் எட்டு தூரம் பெரிய பலம். ரி-56இன் பின்பக்கக் குறிபார்க்கும் பலகையில் 800 மீற்றர்வரை கோடிட்டிருந்தாலும் நம்பிச் சுடக்கூடியது 300 மீற்றர் அளவில்தான். பற்றைக்காட்டு ஒற்றையடிப் பாதையிலோ ரி-56இன் குட்டை உருவத்துக்கு எஸ்.எல்.ஆர். ஈடாகாது.

கரையோர உப்புக்காற்று எல்லாவற்றுக்கும் பகை. பழைய சீன ரவையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் எரியூட்டி விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுக்கும். குழலின் உட்புறம் குரோம் பூசியது என்பதால் தாங்கும், வாயுக்குழாயும் குழல்முனையும் துருவேறும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. சுடுநீரால் கழுவி, உலர்த்தி, பிறகே எண்ணெய் பூச வேண்டும்.

வரம்பு வெட்டும்போது இப்படியொன்று தட்டுப்பட்டால், துருப்பிடித்ததுதானே என்று தூக்க வேண்டாம். மகசீன் இல்லாவிட்டாலும் வெடியறைக்குள் ஒரு ரவை கிடக்கலாம். இடத்தை அடையாளமிட்டு, விலகி நின்று, 119க்கு அறிவியுங்கள்.