உரையோடு ஆங்கிலக் கவிதை: பால்கிரேவா, நார்ட்டனா, பாலியாவா?
ஆங்கிலக் கவிதை படிக்க ஆசை, ஆனால் நாலு வரி தாண்டுவதற்குள் தடுக்குகிறது என்பவர்கள் தொகுப்பு வாங்கும்போது, குறிப்பு எங்கே இருக்கிறது, எதை விளக்குகிறது என்று முதலில் பாருங்கள். எத்தனை கவிதை என்பது அப்புறம். பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஒரு மன்னன் சிலையைப் பற்றிய ஷெல்லியின் ‘ஓசிமாண்டியஸ்’ கவிதை இங்கே பார்க்கப்போகும் மூன்று தொகுப்புகளிலுமே உண்டு, அதை வைத்தே பார்க்கலாம்.

பால்கிரேவின் ‘கோல்டன் ட்ரெஷரி’ 1861இல் வந்தது, காப்புரிமை முடிந்துவிட்டதால் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கவிதைத் தேர்வில் கவிஞர் டென்னிசனும் உதவினார். கவிஞர்வாரியாக இல்லாமல் உணர்வும் பொருளும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகரும்படி அடுக்கியிருப்பது உண்மையிலேயே அழகு. ஆனால் குறிப்புகள் ரொம்பச் சுருக்கம், அதுவும் புத்தகக் கடைசியில். ஷெல்லி கவிதையின் தலைப்பைப் பால்கிரேவே ‘எகிப்தின் ஓசிமாண்டியஸ்’ என்று ஆக்கிவிட்டார், சில கவிதைகளில் பத்திகளையே வெட்டியிருக்கிறார், முதல் பதிப்பில் கவிஞர் ப்ளேக்கே கிடையாது. புதிதாக வருபவருக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

‘நார்ட்டன் ஆந்தாலஜி ஆஃப் பொயட்ரி’ நம் பதவுரை மாதிரி. அரிய சொல்லுக்குப் பொருள் அந்த வரியின் ஓரத்திலேயே, ஓசிமாண்டியஸ் என்பது எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்செஸ் என்பது போன்ற தகவல் பக்கத்தின் அடியில், கவிதை வெளியான ஆண்டு அதன் முடிவில். கண் கவிதையை விட்டு அகல வேண்டியதே இல்லை. கவிதை ஏன் நன்றாக இருக்கிறது என்று மட்டும் அது சொல்லாது, அதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். முழுப் பதிப்பு சுமார் 2,000 பக்கம், மெல்லிய தாள், படுத்துக்கொண்டு படிக்க முடியாது.

அமெரிக்க விமர்சகர் கமில் பாலியாவின் ‘பிரேக், ப்ளோ, பர்ன்’ (2005) நேர் எதிர். வெறும் 43 கவிதைகள்தான், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கட்டுரை. கல்லில் செதுக்கிய அந்த முகபாவம் யாருடைய கையையும் யாருடைய இதயத்தையும் தாண்டி நிற்கிறது என்று குழம்ப வைக்கும் இடம் ‘ஓசிமாண்டியஸி’ல் உண்டே, அந்த மாதிரி இடங்களில் நமக்கு வேண்டியது வெறும் அருஞ்சொற்பொருள் இல்லை, உட்கார்ந்து பேசும் ஒரு உரையாசிரியர். பாலியா அதைச் செய்கிறார், சில இடங்களில் கவிதையை மீறிப் போகிறார் என்றாலும் எனக்கு அது சம்மதமே. ஆனால் கீட்ஸ், மில்டன் போன்ற பெரிய கவிஞர்கள் இல்லை, பின்பாதி பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கா.

விமர்சகர் ஹரால்டு ப்ளூமின் தொகுப்பையும் பலர் சொல்வார்கள். கவிஞரின் பெருமையை நன்றாகப் பேசுவார், ஆனால் கடினமான வரியில் நாம் தடுக்கி நிற்கும்போது கை கொடுக்க மாட்டார்.

ஆக, பாலியாவில் தொடங்குங்கள், பத்துப் பதினைந்து கவிதை முடிந்ததும் நார்ட்டனுக்குப் போங்கள். நார்ட்டனில் சுருக்கப் பதிப்பும் உண்டு, ஆனாலும் முழுப் பதிப்பையே வாங்குங்கள், பாலியா விட்ட கீட்ஸையும் மில்டனையும் அதில் நிறையவே படிக்கலாம்.