பாதியில் நிற்கும் கைகாட்டி: சுத்தம் செய்வதா, காயில் கட்டுவதா, சர்வோ வைப்பதா?

பினாங்கு கிட்டங்கியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஐயா, கூடவே ஒரு பொம்மை ரயிலும் கொண்டுவந்தார். ஹார்ன்பி டப்லோ. லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி 1938-ல் தொடங்கி 1964 வரை செய்த ரயில். எங்களுடையது நடுவிலும் ஒரு கம்பி ஓடும் பழைய மூன்று கம்பித் தண்டவாள வகை. பல வருஷம் இரண்டாங்கட்டு அறையில் தகரப் பெட்டிக்குள் கிடந்ததைப் போன பொங்கலுக்கு எடுத்து, வளவில் ஆத்தங்குடிக் கல் தரைமேல் கோத்தோம். இன்ஜின் ஓடிவிட்டது. வண்டிக்கு வழிகாட்டும் சிக்னல் கம்பங்களான மின்சாரக் கைகாட்டிகள் இரண்டும் ஓடவில்லை. ஒன்று பட்டனை அழுத்தினால் பாதி ஏறி, நடுங்கி, அப்படியே நின்றது. மற்றது அசையவே இல்லை.

அப்பத்தாவுக்கு வேறு சந்தேகம். "கை இறங்குனாத்தானப்பா வண்டி வரும், இது ஏறுதே?" என்று கேட்டார். மீட்டர் கேஜ் காலத்தில் இந்தப் பக்கம் பார்த்த கைகாட்டிகள் கீழே சாய்ந்துதான் வழிவிடும். இந்தப் பொம்மை இங்கிலாந்தின் பிற்கால வழக்கப்படி செய்தது. கை மேலே ஏறினால் வண்டி போகலாம்.

பழுதைப் புரிந்துகொள்ள அடியில் இருப்பதைப் பார்க்க வேண்டும். செப்புக்கம்பி சுற்றிய இரண்டு சின்னக் காயில்கள், நடுவே ஓடும் ஒரு இரும்புத் துண்டு, வெளியே மூன்று ஒயர்கள்: காயிலுக்கு ஒன்றாக இரண்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. ஒரு காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் இரும்பு அந்தப் பக்கம் பாய்ந்து கையை ஏற்றும். மறு காயில் இறக்கும். ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான் மின்சாரம் போக வேண்டும். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் காயில் சூடேறிக் கருகிவிடும். எங்கள் இரண்டாவது கைகாட்டிக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். சின்ன வயதில் அதை அழுத்திப் பிடித்து விளையாடியவர்களில் நானும் ஒருவன்.

இதைச் சரிசெய்ய நான்கு வழி பார்த்தேன்.

முதல் வழி சுத்தம் செய்வது. செலவு கிட்டத்தட்ட இல்லை. எங்கள் ஊர்ச் செம்மண் தூசியும், யாரோ எப்போதோ விட்ட தையல் மெஷின் எண்ணெயும் சேர்ந்து இரும்புத் துண்டைச் சுற்றிப் பிசினாகக் காய்ந்திருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு மூன்று நான்கு தடவை துடைத்தேன். தின்னரோ பெட்ரோலோ வேண்டாம், கையின் சிவப்புப் பெயின்ட் வந்துவிடும். துடைத்தபின் திரும்பவும் எண்ணெய் விடக் கூடாது. அது அடுத்த தூசியைப் பிடித்து வைக்கும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரித்தூளைக் கொஞ்சம் தூவினால் போதும். இதிலேயே பாதி நோய் தீர்ந்தது: பத்து தடவை அழுத்தினால் ஆறு ஏழு தடவை முழுதாக ஏறியது.

மீதி நோய் கைகாட்டியில் இல்லை, மின்சாரத்தில் இருந்தது. காயில் இரும்பை இழுக்கும் வேகம் அதில் பாயும் கரன்ட்டைப் பொறுத்தது. சின்ன அடாப்டரால் அந்த ஒரு கணத்தில் அவ்வளவு கரன்ட் தர முடியாது. மெல்லிய ஒயரை வளவு முழுக்க இழுத்திருந்தால் வழியிலேயே இன்னும் கொஞ்சம் போய்விடும். இரண்டாவது வழி இங்கேதான் வருகிறது. ஒரு கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, பட்டனை அழுத்தியதும் மொத்தமாகக் காயிலில் கொட்டுவது. பொம்மை ரயில் ஆட்கள் பாயிண்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) மாற்ற நெடுநாளாகப் பயன்படுத்தும் முறை இது.

நான் செய்தது மிக எளிய வடிவம். வீட்டில் கிடந்த 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர், கரன்ட்டை மட்டுப்படுத்த 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, 35 வோல்ட் தாங்கும் 2200 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டர் ஒரு நொடியில் நிறைந்துவிடும். அப்போது அதில் இருப்பது ஏறக்குறைய 0.4 ஜூல். இந்தச் சின்னக் கைக்கு அது தாராளம். பாயிண்ட் மாற்றுவதற்கு இதே போல இரண்டை இணையாகப் போடுவார்கள். கைகாட்டிக்கு அந்த அடி வேண்டாம், கை வளைந்துவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அடுத்த விஷயம். குழந்தை பட்டனை அழுத்திப் பிடித்தே இருந்தாலும், கெப்பாசிட்டர் காலியானபின் ரெசிஸ்டர் வழியாக 0.2 ஆம்பியருக்கும் குறைவாகவே வரும். காயில் கருகாது. மொத்தச் செலவு 100 ரூபாய்க்குள். பத்துக்குப் பத்து, "டக்" என்ற சத்தத்தோடு கை ஏறுகிறது.

பெட்டியில் அந்தக் காலத்து டிரான்ஸ்பார்மர் இருந்தால் அதை பிளக்கில் சொருகாதீர்கள். எங்களுடையதில் ரப்பர் உறை தொட்டாலே உதிர்ந்தது. உள்ளே வருவது 230 வோல்ட், கூட இருப்பவை குழந்தைகள்.

மூன்றாவது வழி காயில் கட்டுவது. அசையாத கைகாட்டிக்கு இது ஒன்றுதான் கதி. மல்டிமீட்டரில் ஒரு காயில் ஓம் (மின்தடை) காட்டியது, மற்றதில் ஒன்றுமே இல்லை. காரைக்குடியில் மிக்ஸி, ஃபேன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, பிரிக்கும்போது சுத்தை எண்ணிக்கிட்டே பிரிங்க. எண்ணாம கொண்டுவந்தா நான் குத்துமதிப்பாத்தான் சுத்தணும்" என்றார். சரியான பேச்சு. கம்பியின் கனத்தையும் அவரே மைக்ரோமீட்டரில் அளந்து சொன்னார். சுற்று எண்ணிக்கை அதே இருந்து கம்பி மட்டும் மெலிந்தால் ஓம் கூடும், கரன்ட் குறையும், கை பழையபடி பாதியில் நிற்கும். எண்ணிப் பிரிக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. உள்ளே இருக்கும் உருளை அட்டை காய்ந்து நொறுங்கும் நிலையில் இருந்ததால் கண்ணை எடுக்கவே முடியவில்லை. ஆனாலும் கட்டிவந்த காயில் அச்சாகப் பழையதைப் போலவே இழுக்கிறது. காயில் உண்மையிலேயே செத்திருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். சோம்பலாக இருக்கும் காயிலைப் பிரிப்பது வீண் ஆபத்து.

நான்காவது, இப்போது எல்லோரும் சொல்லும் சர்வோ மோட்டார், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார். எஸ்ஜி90 என்ற 9 கிராம் மோட்டார் 100 - 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை ஆட்ட அர்டுயினோ நானோ என்ற புரோகிராம் எழுதும் சின்னப் பலகை, 5 வோல்ட் சப்ளை எல்லாம் சேர்த்தால் 500 ரூபாயைத் தாண்டும். அசைவில் இதை அடிக்க ஆளில்லை. கம்பி இழுத்து ஏறும் நிஜக் கைகாட்டி போல மெதுவாக ஏற்றலாம், இறங்கும்போது ஒரு சின்னக் குலுங்கலையும் புரோகிராமில் எழுதலாம். காயிலால் அது முடியாது. ஆனால் சுவிட்ச் போட்டவுடன் சர்வோ ஒரு வெட்டு வெட்டும். ஒயர் நீளமானால் நின்ற இடத்திலேயே நடுங்கும். சப்ளைக்குக் குறுக்கே 470 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் போட்டு, அசைவு முடிந்ததும் சர்வோவுக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிட்டால் பெருமளவு அடங்குகிறது. எனக்குத் தடையாக இருந்தது வேறு. காயிலைப் பிடுங்கி, அடித்தகட்டில் துளை போட்டால்தான் சர்வோ உட்காரும். போட்ட துளையை மறுபடி அடைக்க முடியாது. ஐயா கொண்டுவந்த பொருளில் எனக்கு அதற்கு மனம் வரவில்லை. புதிதாகப் பிளாஸ்டிக்கில் கைகாட்டி செய்கிறவர் சர்வோவையே வைக்கட்டும், யோசிக்கவே வேண்டாம்.

ஆக என் வரிசை இது: முதலில் துடைப்பு, அப்புறம் கெப்பாசிட்டர், காயில் போயிருந்தால் மட்டும் கட்டுவது. சர்வோ பழைய பொருளுக்கு இல்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால், விலை பேசும் முன் பொது ஒயரிலிருந்து மற்ற இரண்டுக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு காயிலும் கிட்டத்தட்ட ஒரே ஓம் காட்டினால், கை எவ்வளவு மக்கராக நின்றாலும் வாங்கலாம். ஒன்று மட்டும் ரொம்பக் குறைவாகக் காட்டினால் உள்ளே சுற்றுகள் கருகி ஒட்டிவிட்டன. காயில் கட்டும் கூலியைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.