டோக்கமாக்கா, ஸ்டெல்லரேட்டரா? கொந்தளிப்பை வைத்து ஓர் அலசல்

சிறு அணுக்கருக்களை ஒன்றாக இணைத்து ஆற்றல் எடுக்கும் அணுக்கரு இணைவுக் கருவிகளை ஒப்பிடும்போது எத்தனை கோடி டிகிரி, எத்தனை நொடி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது துகள்களை. எரிபொருள் அணுக்கள் மையத்தில் நிற்கின்றனவா, சுவரிலிருந்து பெயர்ந்து வரும் அழுக்கு அணுக்கள் வெளியேறுகின்றனவா? ஒன்று நிற்க வேண்டும், மற்றொன்று போக வேண்டும். கொதிக்கும் எரிபொருளைச் சுவரில் படாமல் காந்தப்புலத்தால் பிடித்துவைக்கும் இரு வகை வளையக் கருவிகளான டோக்கமாக், ஸ்டெல்லரேட்டர் இரண்டுமே தடுமாறுவது இங்கேதான்.

மோதல்களால் மட்டுமே துகள்கள் கசியும் என்று கணக்குப் போட்டால், நல்ல காந்தப்புலத்தில் இழப்பு கொஞ்சம்தான் வரும். டோக்கமாக்குகளில் அளந்தபோது பல மடங்கு அதிகம் வந்தது. மையம் கொதிக்க, விளிம்பு ஒப்பளவில் குளிர்ந்திருக்க, அந்த வேறுபாடே சின்னச் சின்னச் சுழல்களைக் கிளப்பிவிடுகிறது. இந்தக் கொந்தளிப்புதான் வெப்பத்தையும் துகள்களையும் வெளியே கொண்டுபோகிறது.

டோக்கமாக்கின் பலம் அதன் சீரான வளைய வடிவம். அதனால் மோதல் கசிவு இயல்பிலேயே குறைவு, மிச்சமிருப்பது கொந்தளிப்பு. அதற்கும் 1982-இல் ஒரு வழி கிடைத்தது. ஜெர்மனியின் கார்ஹிங்கில் இருந்த ஆஸ்டெக்ஸ் கருவியில், சூடேற்றும் திறன் ஓர் அளவைத் தாண்டியதும் பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்துபோன அந்தச் சூடான வாயு, தானாகவே வேறு நிலைக்குத் தாவுவதை ஃப்ரீட்ரிஷ் வாக்னர் கண்டார். விளிம்பில் பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓட, சுழல்கள் கிழிந்துபோகின்றன. வெப்பம் தங்கும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இதற்கு எச்-மோடு என்று பெயர்.

ஆனால் கதவைச் சாத்தினால் அழுக்கும் உள்ளேதான் இருக்கும். அடர்த்தி மையத்தில் குவிந்திருந்தால் டங்ஸ்டன் போன்ற கனமான அணுக்கள் உள்நோக்கி இழுபடுகின்றன. அங்கே கதிர்வீச்சாக வெப்பத்தை வீணடிக்கின்றன. இங்கிலாந்தின் ஜெட் கருவி 2011-இல் பெரிலியம், டங்ஸ்டன் சுவருக்கு மாறிய பிறகு இந்தத் தொல்லை நன்றாகவே தெரிந்தது. விளிம்பில் அவ்வப்போது வரும் வெடிப்புகள் அழுக்கைக் கொஞ்சம் துப்புகின்றன, சரி. ஆனால் பெரிய கருவியில் அதே வெடிப்புகள் சுவரை அரித்துவிடும்.

ஸ்டெல்லரேட்டருக்கு நேர் எதிரான பிரச்சினை. லைமன் ஸ்பிட்சர் 1951-இல் முன்வைத்த இந்த வடிவத்தில் காந்தப்புலத்தை வெளிச்சுருள்களே முறுக்கிவிடும். டோக்கமாக்கைப் போல பிளாஸ்மாவுக்குள் பெரிய மின்னோட்டம் தேவையில்லை. ஆனால் சீர்மை போய்விடுவதால், வெப்பநிலை ஏற ஏற மோதல் கசிவு படுமோசமாகும். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் 2015 டிசம்பரில் இயங்கத் தொடங்கிய வென்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் என்ற ஸ்டெல்லரேட்டர் இதைக் கணினி வடிவமைப்பால் வென்றது. நெளிந்து வளைந்த அதன் 50 மீக்கடத்திச் (மின்தடையற்ற) சுருள்கள் அதற்காகவே. அந்தக் கசிவு அடங்கியதும் கொந்தளிப்பு முன்னுக்கு வந்தது: நுண்ணலையால் எலக்ட்ரான்களை எவ்வளவு சூடேற்றினாலும், எரிபொருள் அணுக்கருக்களான அயனிகளின் வெப்பநிலை ஏறத்தாழ 1.7 கோடி டிகிரியில் நின்றுவிட்டது.

என்னை அதிகம் ஈர்ப்பது அடுத்து நடந்தது. மோதல் கோட்பாட்டின்படி ஸ்டெல்லரேட்டரின் சூடான மையத்திலிருந்து துகள்கள் வெளியே தள்ளப்பட்டு, நடுப்பகுதி வெறுமையாக வேண்டும். வென்டெல்ஸ்டைனில் விளிம்பில் வாயு ஊட்டினாலே மையம் காலியாகவில்லை. கொந்தளிப்பே துகள்களை உள்நோக்கி இழுத்து அந்த இழப்பை ஈடுகட்டுகிறது என்று கணினி உருவகங்கள் காட்டின. லேசரால் சிதறடித்துச் செலுத்திய இரும்பு அணுக்களோ உள்ளே குவியாமல் வெளியேறின. அதுவும் கொந்தளிப்பின் வேலைதான். எதிரி என்று நினைத்தது எரிபொருளை ஊட்டுகிறது, அழுக்கையும் கழுவுகிறது!

உறைந்த ஹைட்ரஜன் துண்டுகளைச் சுட்டு உள்ளே செலுத்தி மைய அடர்த்தியைக் கூட்டினால் கொந்தளிப்பு தணியும், அயனி வெப்பநிலை ஏறத்தாழ இரட்டிப்பாகும். அப்புறம் அழுக்கும் அதிக நேரம் தங்கத் தொடங்குகிறது. டோக்கமாக் மாட்டிக்கொண்ட அதே முடிச்சு.

இன்றைய ஆற்றல் கணக்கில் டோக்கமாக் முன்னே நிற்கிறது. ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியம், டிரிட்டியம் கலவையில் ஜெட் 2023-இல் 69 மெகாஜூல் ஆற்றலைத் தந்தது. அதற்கு எதிரே வைக்க ஸ்டெல்லரேட்டரிடம் எதுவும் இல்லை. ஆனால் அது சில நொடிகளின் கதை. மாதக்கணக்கில் ஓடும் மின்நிலையத்துக்கு நான் ஸ்டெல்லரேட்டரைத்தான் தேர்ந்தெடுப்பேன். 2025 மே மாதத்தில் வென்டெல்ஸ்டைன், உறைந்த துண்டுகளை விடாமல் ஊட்டியபடி, அடர்த்தி, வெப்பநிலை, வெப்பம் தங்கும் நேரம் மூன்றின் பெருக்கத்தில் நீண்ட ஓட்டங்களுக்கான உச்சத்தை எட்டி 43 நொடி தக்கவைத்தது. கொந்தளிப்பை முழுக்க அடக்காமல் வேண்டிய அளவுக்கு விட்டுவைக்கும் வழி அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு நிபந்தனை உண்டு. வென்டெல்ஸ்டைனின் கழிவு வெளியேற்றும் தகடுகள் இப்போது கார்பன். அவற்றை டங்ஸ்டனுக்கு மாற்றும் திட்டம் இருக்கிறது. அந்தக் கனமான அணுக்களையும் கொந்தளிப்பு இதேபோலக் கழுவித் தள்ளாவிட்டால், என் தேர்வை நான் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.