கையால் கட்டுவதா, இயந்திரம் போடுவதா? பேக்கிங்கில் லாபம் தங்கும் இடங்கள்

பேக்கிங் இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "நிமிஷத்துக்கு எத்தனை பாக்கெட் வரும்?" அடுத்தது, "எத்தனை ஆள் குறையும்?" இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் போட்ட முதலைத் திருப்பித் தருவதில் எடைக்கும் சீலுக்கும் இருக்கும் பங்கைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

எடையைப் பாருங்கள். 500 கிராம் என்று அச்சிட்ட பாக்கெட்டைக் கையால் நிரப்புகிறவர், குறைந்துவிடக் கூடாது என்று ஒரு கை கூடவே போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. எடை குறைந்தால் சட்டச் சிக்கல், கெட்ட பெயர் இரண்டும் வரும். சராசரியாக 8 கிராம் கூடுகிறது என்று வையுங்கள். 10,000 பாக்கெட்டுக்கு 80 கிலோ சரக்கு, அதாவது 160 பாக்கெட், பில் போடாமலே வெளியே போய்விடுகிறது. சரக்கு விலை உயர்ந்ததாக இருந்தால் இந்தக் கசிவு ஒரு ஆளின் சம்பளத்தையே தாண்டிவிடும்.

இதற்கான தீர்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது மல்டிஹெட் வெயர் (multihead weigher), அதாவது பல தலை எடை இயந்திரம். ஜப்பானின் இஷிடா நிறுவனம் 1972-இல் கொண்டுவந்தது. பத்துத் தலை, அதாவது பத்து எடைத் தொட்டி, கொண்ட இயந்திரத்தில் ஒவ்வொரு தொட்டியிலும் கொஞ்சம் சரக்கு விழும். எந்தெந்தத் தொட்டிகளைச் சேர்த்தால் இலக்கு எடைக்கு மிக நெருக்கமாக வரும் என்று 1,023 சேர்க்கைகளுக்குள் தேடி, அவற்றை மட்டும் திறந்துவிடும். துண்டுகள் ஒழுங்கற்ற அளவில் இருக்கும் சரக்குக்கு இது பொருத்தம். பொடிக்குத் திருகு சுழன்று அளந்து தள்ளும் ஆகர் ஃபில்லர், கெட்டித் திரவத்துக்கு உந்துதண்டால் அளந்து தள்ளும் பிஸ்டன் ஃபில்லர் என்று சரக்குக்குச் சரக்கு மாறும்.

இனி ஒவ்வொரு வழியாக வருவோம். கை பேக்கிங்கை மட்டமாக நினைக்க வேண்டாம். எந்த வடிவத்தையும் கையாளலாம், அடுத்த சரக்குக்கு உடனே மாறலாம், உடைந்ததும் நிறம் மாறியதும் கண்ணில் பட்டுவிடும். பரிசுப் பெட்டி, எளிதில் உடையும் பொருள், சிறு ஆர்டர் ஆகியவற்றுக்கு இன்றும் இதுவே நல்லது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் வேகம் குறைவதும், ஒரே அசைவில் மணிக்கட்டும் தோளும் நோவதும் இதன் பெரிய குறைகள். அந்த வலியைச் செலவுக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை, எழுத வேண்டும்.

அரைத் தானியங்கியில் அளந்து போடுவது இயந்திரம். பவுச்சைப் பிடிப்பது ஆள். சீல் வைப்பது, பவுச்சின் வாயைச் சூடான பட்டைகளுக்கு நடுவே ஓட்டி ஒட்டும் பேண்ட் சீலர். எடைக் கசிவில் பெரும்பகுதி இங்கேயே நின்றுவிடும். தயார் பவுச் வாங்க வேண்டியிருப்பதால் ரோல் ஃபிலிமைவிடப் பொருள் செலவு கூடும்.

முழுத் தானியங்கி ரோல் ஃபிலிமைக் குழாயாக மடித்து, நெடுக்கில் ஒட்டி, சரக்கை இறக்கி, குறுக்கில் ஒட்டி வெட்டித் தள்ளுகிறது. தேதியும் பேட்ச் நம்பரும் அதே ஓட்டத்தில் விழும். ஆனால் நிமிஷத்துக்கு 60 என்று விளம்பரத் தாளில் போட்டிருப்பதை அப்படியே நம்பித் திட்டம் போடாதீர்கள். ஓடும் நேரம் 90 சதவீதம், வேகம் 85 சதவீதம், நல்ல பாக்கெட் 97 சதவீதம் என்றாலே பெருக்கிப் பார்த்தால் 74 சதவீதம்தான். கைக்கு வருவது 44 சொச்சம்.

சரக்கு மாற்றும் நேரம் இதில் சேரவில்லை. பவுச் அகலம் மாறினால், ஃபிலிமைக் குழாயாக மடிக்கும் ஃபார்மிங் காலரைக் கழற்றி மாட்ட வேண்டும், ஃபிலிமை இழுத்துச் சரிசெய்ய வேண்டும், முதலில் வரும் பாக்கெட்டுகள் குப்பைக்குப் போகும். 480 நிமிஷ ஷிஃப்டில் ஆறு வகைச் சரக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 40 நிமிஷம் என்றால் 200 நிமிஷம் போச்சு. மீதி 280 நிமிஷத்தில் சுமார் 12,000 பாக்கெட். நிமிஷத்துக்கு 15 போடும் அரைத் தானியங்கி, மாற்றத்துக்குப் பத்து நிமிஷமே எடுத்தால், 430 நிமிஷத்தில் 6,450 தரும். எண்ணிக்கையில் முழுத் தானியங்கிதான் முன்னால். ஆனால் உங்கள் விற்பனையே நாளைக்கு 6,000 என்றால் அந்தக் கூடுதல் வேகத்துக்கு ஏன் வட்டி கட்ட வேண்டும்? ஒரே சரக்கு நாள் முழுக்க ஓடும் இடத்தில்தான் முழுத் தானியங்கி தன் விலையைச் சம்பாதிக்கும்.

வெளியே கொடுத்து பேக் செய்யலாம் என்பார்கள். புதுச் சரக்கைச் சந்தையில் சோதிக்கும் காலத்துக்குச் சரி. அதற்குப் பிறகும் தொடர்ந்தால், தரமும் சரக்கு கைக்கு வரும் தேதியும் அவர்கள் கையில் இருக்கும்.

சீலுக்கு வெப்பம், அழுத்தம், நேரம் மூன்றும் ஒத்துவர வேண்டும். கையால் அழுத்தும்போது ஆளுக்கு ஆள் மாறும். காற்றும் ஈரமும் புகுந்த பாக்கெட் கடை அலமாரியில்தான் காட்டிக்கொடுக்கும். இயந்திரத்தில் சீல் சீராக வரும், ஆனால் வெப்பம் தவறினால் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி தவறும். மணிக்கு ஒரு தடவை சில பாக்கெட்டுகளைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பொடி ஃபிலிமின் ஓரத்தில் ஒட்டியிருந்தால் வெப்பத்தைக் கூட்டினாலும் சீல் சரியாகப் பிடிக்காது.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான்: முதலில் எடை போடும் கருவி, அடுத்து சீலிங், அதற்குப் பிறகு பவுச் தயாரிக்கும் இயந்திரம், அட்டைப்பெட்டி நிரப்புவது கடைசி. ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் சரக்கையும் உங்கள் ஃபிலிமையும் கொண்டுபோய் முழு ஷிஃப்ட் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஹீட்டர், கத்தி, டெஃப்லான் பட்டை ஆகியவை தேய்ந்தால் எத்தனை நாளில் மாற்று கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.