பழைய காருக்கு 12 இன்ச் யுனிவர்சல் ரேடியேட்டர் ஃபேன் கிட்: மோட்டாரை நம்பலாம், வயரிங்கை நம்ப வேண்டாம்

பழைய காரில் ரேடியேட்டர் ஃபேன் செத்துப்போய், அந்த மாடலுக்கான ஒரிஜினல் ஃபேனும் கிடைக்காதபோது பலரும் போய் நிற்கும் இடம் இந்த யுனிவர்சல் கிட். 80 வாட் ஃபேன், ஒரு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் ஸ்விட்ச்), வயர் செட், ஃபேன் ஆன் ஆக வேண்டிய சூட்டைத் திருகி வைக்கும் கன்ட்ரோலர், ரேடியேட்டர் ஃபின்களுக்கு நடுவே செருகும் சென்சார் ஊசி, கட்டுவதற்கு நான்கு நைலான் டை. எல்லாப் பிராண்டிலும் கிட்டத்தட்ட இதே சாமான்கள்தான்.

முதலில், இது உங்களுக்குத் தேவைதானா என்று பார்த்துவிடுங்கள். டிராஃபிக்கில் நிற்கும்போது சூடேறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் டெம்பரேச்சர் முள் இறங்கினால் ஃபேன் பக்கம்தான் கோளாறு. நல்ல வேகத்தில் ஓடும்போதே சூடேறினால் ஃபேனை மாற்றிப் பயனில்லை. அடைபட்ட ரேடியேட்டர், முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள். கூலன்ட் அளவையும் இன்ஜின் ஆறியபின் பார்க்க வேண்டும். தண்ணீர் குறைந்து ஃபேன் ஸ்விட்ச் (தண்ணீர் சூடானதும் ஃபேனை ஆன் செய்யும் ஸ்விட்ச்) காற்றில் நின்றால், இன்ஜின் கொதித்தாலும் அதற்குச் சூடு தெரியாது.

ஃபேன் பக்கம்தான் என்றால், மோட்டார் கப்ளரை (வயர்களைச் செருகும் இணைப்பு) கழற்றி பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட வயரில் டைரக்ட் கொடுங்கள். சுற்றவில்லையா? மோட்டாரின் பாடியில் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. டைரக்டில் நன்றாக ஓடினால் மோட்டாரைத் தொடாதீர்கள். இக்னிஷனை ஆன் செய்து, ரேடியேட்டரில் உள்ள இரண்டு முனை ஃபேன் ஸ்விட்சின் வயர்களைக் கழற்றி ஒன்றோடொன்று இணையுங்கள். இப்போது ஓடினால் ஸ்விட்ச் போய்விட்டது. ரிலே 'டிக்' என்கிறது, ஃபேன் ஓடவில்லை என்றால் ரிலேயின் உள் காண்டாக்ட் கருகியிருக்கலாம், அல்லது ஃபேனுக்கு எர்த் (கார் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) கிடைக்கவில்லை.

கப்ளரைக் கழற்றும்போதே அதை உற்றுப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, பின் கறுத்திருந்தால் அங்கேதான் கரண்ட் வெப்பமாக வீணாகிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய வண்டிகளில் மோட்டார் நன்றாக இருந்தும் ஃபேன் மெதுவாகச் சுற்றுவதற்கு இது அடிக்கடி காரணம். கப்ளரையும் பின்னையும் மாற்றினால் வேலை முடிந்தது, கிட்டே தேவையில்லை.

மோட்டாரே போயிருந்தால் கிட் வாங்கலாம். அதன் ஃபேன் தரமானது. ஓடும்போது சுமார் 7 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. குறை சொல்ல வேண்டியது மற்ற சாமான்களைத்தான்.

வயரின் வெளி உறை தடிமன், உள்ளே செம்பு கொஞ்சம். ஓரிடத்தில் உறையைச் சீவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதைத் தள்ளிவிட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுங்கள். ரிலேயின் முனைகளில் எண் இருக்கும்: 30-க்கு பேட்டரி பிளஸ், இடையில் பேட்டரிக்கு அருகிலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ், 87 ஃபேனுக்கு, 86 இக்னிஷன் லைனுக்கு, 85 ஃபேன் ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு. ஃபேனின் எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய பாடியில் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஃபேன் ஓடும்போது அதன் கப்ளரில் வோல்ட் பாருங்கள்: பேட்டரியில் இருப்பதைவிட 0.5 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிங் சரியில்லை.

சென்சார் ஊசி இந்தக் கிட்டின் மிகப் பலவீனமான அங்கம். அது தண்ணீரின் சூட்டை அளப்பதில்லை, ஃபின்னின் சூட்டைத்தான் அளக்கிறது. காற்றடித்தால் அளவு மாறும். அதிர்வில் நழுவி வெளியே வந்தால் ஃபேன் ஆன் ஆகாது. மரையுள்ள ஃபேன் ஸ்விட்ச் வாங்கிப் போடுவதே சரி. அதன் உடம்பில் 92-87 என்பதுபோல் பொறித்திருக்கும்: 92 டிகிரியில் ஆன், 87-ல் ஆஃப். ஆஃப் ஆகும் வெப்பநிலை, தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பநிலையைவிட மேலே இருக்க வேண்டும்; இல்லையென்றால் ஃபேன் நிற்கவே நிற்காது. ரேடியேட்டரில் ஸ்விட்சுக்கான துளை இல்லாவிட்டால் மேல் ஹோஸை வெட்டி நடுவே அலுமினியம் அடாப்டர் போடலாம். அது ரப்பருக்கு நடுவே உட்காருவதால் ஒற்றை முனை ஸ்விட்சுக்கு எர்த் கிடைக்காது. இரண்டு முனை ஸ்விட்சாக வாங்குங்கள்.

நைலான் டையை எடுத்து ஓரமாக வையுங்கள். அது ரேடியேட்டர் கோரை (டியூபும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதி) துளைத்துப் போகிறது. ஃபேனின் எடை அதிர்வில் உரசி உரசி ஒருநாள் டியூப் ஓட்டையாகும். ரேடியேட்டரின் பக்கச் சட்டங்களுக்கு இடையே இரண்டு பட்டைக் கம்பி போட்டு அதில் ஃபேனை மாட்டுங்கள். இடம் இருந்தால் ஷ்ரவுடும் (ஃபேனைச் சுற்றிக் கோரை மூடும் கூடு) வேண்டும். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேராக உள்ள கோரிலிருந்து மட்டுமே காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்டினால் காற்றை இழுக்க வேண்டும், முன்னால் மாட்டினால் தள்ள வேண்டும். திசையை மாற்ற வயரை மட்டும் மாற்றினால் போதாது, பிளேடையும் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். இல்லையேல் சத்தம் வரும், காற்று பாதிகூட வராது. கிரில் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள், உள்ளே ஒட்டிக்கொண்டால் திசை சரி.

பாசிட்டிவ் எர்த் (பேட்டரி பிளஸ் பாடியோடு இணைந்த) வண்டிகளில் ஃபேனின் இரு வயர்களையும் மாற்றி இணைக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் இல்லாமல் டைனமோ உள்ள வண்டிக்கு இந்தக் கிட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். டைனமோ ஐட்லிங்கில் சார்ஜ் செய்யாது, ஃபேன் தேவைப்படுவதோ அந்த நேரத்தில்தான். பேட்டரி இறங்கிவிடும்.

மாட்டியபின் இன்ஜினை ஐட்லிங்கில் விட்டுக் கவனியுங்கள். ஃபேன் ஆன் ஆகி, ஓரிரு நிமிடம் ஓடி, தானாக நிற்க வேண்டும், மறுபடி ஆன் ஆக வேண்டும். திசையும் வோல்ட்டும் சரியாக இருந்தும் நிற்காமல் ஓடினால், ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யக் கொடுங்கள்.