மழை மாதங்களில் சைக்கிள்காரருக்கு எது: ட்ரெய்னரா, நீச்சலா, ஓட்டமா, எடையா?

சைக்கிளுக்குப் பயிற்சித் திட்டம் தேடினால் கிடைப்பதில் முக்கால்வாசி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியதுதான். நவம்பரில் வண்டியைத் துடைத்து ஓரமாக வை, பிப்ரவரி வரை வேறு பயிற்சி செய் என்பார்கள். கடலூரில் அந்தக் கணக்கு உதைக்கும். நமக்கு ரோடு கைவிட்டுப் போவது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். மார்கழி பிறந்து மழை ஓய்ந்துவிட்டால், வருடத்திலேயே சைக்கிள் ஓட்ட அதைவிட நல்ல காலம் கிடையாது. அவர்கள் வீட்டுக்குள் முடங்கும் ஜனவரியில்தான் நாம் விடிகாலையில் ஈசிஆரில் மரக்காணம் தாண்டிப் போய்க்கொண்டிருப்போம்.

ஆக, அவர்களுக்கு நாலு மாத இடைவெளி. நமக்கு ஆறிலிருந்து எட்டு வாரம். அதுவும் ஒரே சீராக இருக்காது. இரண்டு நாள் வெயில் அடிக்கும், மூன்றாம் நாள் தாழ்வுமண்டலம். 2011-இல் தானே புயல் டிசம்பர் 30 அன்று வந்தது. 2024-இல் ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் அங்கே அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக மழையைக் கொட்டிவிட்டுப் போனது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம். அப்படிப்பட்ட மாதத்தில் சைக்கிளை மட்டும் நம்பியிருக்க முடியாது.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எடைப் பயிற்சிக்குப் போனவன், அதிலேயே நின்றவன். மற்ற மூன்றும் மோசமில்லை. ஆனால் எட்டு வாரம் உழைத்துச் சேர்த்தது மழை விட்ட பிறகு எவ்வளவு கையில் நிற்கும், அதை நிறுத்தி வைக்க என்ன செலவாகும் என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் நான் பார்த்தேன். இடைவெளி குறைவாக இருக்கிற ஊரில் இந்தக் கேள்வி மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடும்.

ட்ரெய்னர், அதாவது சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் சாதனம், அந்த விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அது மாற்றுப் பயிற்சியே இல்லை. சைக்கிளை அறைக்குள் ஓட்டுவது. மூச்சுத் திறனைக் காப்பாற்ற அதற்கு நிகர் வேறு இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சைக்கிள் எந்தத் தசையைச் சும்மா விட்டு வைக்கிறதோ அதை இதுவும் சும்மாவே விடும். நம்மூர் ஈரப்பதத்தில் வியர்வை காயாது, சொட்டும். பெரிய மின்விசிறி ஒன்று நேராக முகத்துக்கு ஓடியே ஆகவேண்டும். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், கரண்டில் இயங்கும் ஸ்மார்ட் ட்ரெய்னராக இருந்தால் பயிற்சியும் அத்தோடு சரி. புயல் வாரத்தில் கரண்ட் எப்போது வரும் என்று யாரைக் கேட்பது? ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள போல்ட்டுகளில் இறங்கும் உப்பு வியர்வை தனிக்கதை. துண்டு போட்டுக்கொள்ளாமல் ஓட்டினால் ஒரே பருவத்தில் துரு பிடித்துவிடும். ஒரு நல்ல ஸ்மார்ட் ட்ரெய்னரின் விலைக்கு உள்ளூர் ஜிம்மில் இரண்டு மூன்று வருடக் கட்டணம் கட்டலாம். ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்கள் வாரம் இரண்டு தடவை குறைந்த நேரம், ஆனால் கடுமையாக ஓட்டிவிட்டு மீதியை வேறெதற்காவது கொடுக்கலாம்.

நீச்சலில் என் அனுபவம் கிணற்றோடு சரி, அதனால் நுணுக்கம் பேசப்போவதில்லை. சைக்கிளில் குனிந்தே கிடக்கும் தோளும் நெஞ்சும் விரியும், மூட்டுக்கு இதம், காயம்பட்டுத் தேறிவருபவருக்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் உடம்பைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் எலும்புக்குச் சுமை கிடைக்காது. சைக்கிள்காரருக்கு அது ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று யாரும் யோசிக்க வேண்டாம். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் நம் கரையில் இறங்குவது பயிற்சி இல்லை, வம்பு. குளம் வைத்திருக்கும் இடங்களிலும் மின்னல் அடித்தால் எல்லோரையும் மேலே ஏற்றிவிடுவார்கள்.

ஓட்டம்தான் எடைக்கு உண்மையான போட்டி. செலவு ஒரு ஜோடி ஷூ. மழை விட்ட முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்துவிடலாம். புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை வண்டி வராது, தண்ணீரும் சீக்கிரம் வடிந்துவிடும். காந்தி சிலையைச் சுற்றிக்கொண்டு நாலைந்து முறை போய்வந்தால் போதும். கடலூரில் அவ்வளவு வசதி இல்லை. வெள்ளிக் கடற்கரைப் பக்கம் போகலாம், மஞ்சக்குப்பம் மைதானம் சேறாகிவிடும், தெருவில் ஓடினால் தண்ணீருக்கு அடியில் பள்ளமா, மூடி இல்லாத வடிகாலா என்று கால் வைத்த பிறகுதான் தெரியும்.

ஆனாலும் ஓட்டத்தை நான் முதலிடத்தில் வைக்காததற்குக் காரணம் பள்ளம் இல்லை. பெடல் மிதிக்கும்போது தொடைத் தசை சுருங்கி மட்டுமே வேலை செய்கிறது. ஓடும்போது பாதம் தரையில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை மேலே ஏறுகிறது. அதைத் தாங்க தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. சைக்கிள்காரரின் கால் இந்த வேலையைப் பார்த்ததே இல்லை. இதயமும் நுரையீரலும் அவருக்கு ஏற்கெனவே தயார், அதனால் முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் போய்விடுவார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கும்போது பின்பக்கமாகத்தான் இறங்குவார். தசைவலி போய்விடும், அது பெரிதில்லை. தசைநாணும் முழங்கால் கீழ் எலும்பும் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இதயத்தின் வேகத்துக்கு அவை வராது. பொறுமையாக நடை பாதி, ஓட்டம் பாதி என்று தொடங்கி கால் ஒருவழியாகப் பழகி வரும்போது மார்கழி வந்து நிற்கும்.

அப்புறம்? ஓட்டத்தை விட்டுவிட்டால் கால் பழகியது மெல்ல மறந்துபோகும், அடுத்த ஐப்பசியில் மறுபடி அதே மாடிப்படி. விடாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் வாரம் இரண்டு ஓட்டமாவது வேண்டும், அந்த இரண்டும் சைக்கிள் ஓட்ட வேண்டிய நல்ல காலைகளைத் தின்னும். ஓட்டத்தின் பராமரிப்புச் செலவு இதுதான். ஓட்டமே பிடித்துப்போய் வருடம் முழுக்க இரண்டையும் செய்பவர்களுக்கு இது பொருந்தாது; அவர்களுக்கு என் ஆலோசனையும் தேவையில்லை.

எடைப் பயிற்சியில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. நார்வேயில் பென்ட் ரோன்னெஸ்டாடும் சகாக்களும் நன்கு பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஒரு குழு வழக்கமான சைக்கிள் பயிற்சியோடு 12 வாரம் வாரத்துக்கு இரண்டு முறை கனமான எடை தூக்கியது. போட்டிக்காலம் தொடங்கியதும் அதை வாரம் ஒரே ஒரு முறையாகக் குறைத்து மேலும் 13 வாரம் தொடர்ந்தார்கள். சேர்த்த வலிமை இறங்கவில்லை. 40 நிமிட முழுவேகச் சைக்கிள் சோதனையில் சைக்கிள் மட்டும் ஓட்டிய குழுவைவிட இவர்கள் முன்னேறினார்கள். எனக்கு முடிவு கொடுத்தது இந்த ‘வாரம் ஒரு முறை’தான். வாரத்தில் ஒரு சாயங்காலம் முக்கால் மணி நேரம் கொடுத்தால் மழைக்காலத்துச் சம்பாத்தியம் மாசி வரை கரையாது. பேங்கில் போட்ட பணம் மாதிரி வட்டி வராது, ஆனால் முதல் குறையாது.

ஆய்வு 12 வாரம், நமக்கு எட்டுதானே என்று கேட்கலாம். எடைக்கு மழை விடவேண்டிய அவசியம் இல்லை, வருவதற்கு முன்பே தொடங்கிவிடலாம். புரட்டாசி தொடக்கத்தில் ஆரம்பித்தால் மார்கழிக்குள் 12 வாரம் கணக்குக்கு வந்துவிடும். ஓட்டத்தையும் அப்படித் தொடங்கலாம்தான், ஆனால் இடையில் ஒரு புயல் வந்தால் அது பத்து நாள் அறுந்துபோகும். எடை அறுவதில்லை.

இப்போது எலும்பு. வருடக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டியவர்களுக்கு, குறிப்பாகக் கீழ் முதுகெலும்பில், எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காரணம் எளிது: சீட்டு நம் எடையை வாங்கிக்கொள்கிறது, எலும்புக்கு வேலை இல்லை. நாற்பதைத் தாண்டியவர்களும், மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் பெண்களும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஓட்டமும் எலும்புக்கு நல்லதுதான், ஆனால் முதுகுக்கு நேரடியாகச் சுமை ஏற்றுவது ஸ்குவாட்டும் (கம்பியைத் தோளில் ஏந்தி உட்கார்ந்து எழுவது) டெட்லிஃப்ட்டும் (கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது)தான்.

உடம்பு போட்டுவிடும், எடை ஏறிவிடும் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. சைக்கிளையும் கூடவே ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு மலைமலையாகத் தசை ஏறாது. நார்வே ஆய்வுகளிலும் உடல் எடை குறிப்பிடும்படி மாறவில்லை. மேலும் நம்மூரில் ஏற்றம் என்றால் மேம்பாலம். எதிர்காற்றுதான் இங்கே மலை, அதற்கு ஒரு கிலோ கூடினால் ஒன்றும் ஆகாது.

செய்முறை பற்றி நீட்ட வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் வெறும் கம்பியோடு வடிவத்தைப் பழக வேண்டும். அதன்பின் ஒரு சுற்றுக்கு நாலிலிருந்து பத்து முறைக்கு மேல் தூக்க முடியாத கனம், சுற்றுக்கு நடுவில் இரண்டு மூன்று நிமிட ஓய்வு. ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஒற்றைக்காலில் படியேறுவது, குதிகால் தூக்குவது, இவை போதும். இருபது முப்பது தடவை லேசாகத் தூக்குவதில் சைக்கிள்காரருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. அதைத்தான் பெடலில் மணிக்கு ஐயாயிரம் தடவை செய்கிறோம். முதுகில் டிஸ்க் தொந்தரவோ முழங்கால் வலியோ இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஜிம்மா வீடா என்பதில் நான் ஜிம் பக்கம். கடல்காற்றில் வீட்டுக் கம்பி துருவேறிவிடும், வாரம் ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். ஆனால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாட்களுக்கு வீட்டிலும் ஒரு வழி வேண்டும். சரக்கு சேவை வரிக்குத் தப்ப 26 கிலோவாகிப்போன அரிசிச் சிப்பம் இருக்கிறதே, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படி ஏறி இறங்கிப் பாருங்கள். கூடவே பஸ்கியும் தண்டாலும். அது முழு மாற்று இல்லைதான், ஒரு வாரம் விடுபடாமல் காப்பாற்றும்.

சிலம்பமும் கர்லாக்கட்டையும் சுற்றுகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. தோள், இடுப்புத் திருகல், மணிக்கட்டுக்கு அதெல்லாம் அருமை என்று தோன்றுகிறது. நான் கொஞ்ச நாள்தான் கர்லா சுற்றினேன், கழுத்துப் பிடிப்பு குறைந்தது. கால் வலிமைக்கு அது உதவியதாகச் சொல்ல மாட்டேன்.

எனக்குக் கிடைத்தது என்னவென்றால், 200 கிலோமீட்டர் பிரெவேயில் (கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நீண்டதூரச் சைக்கிள் பயணம்) கடைசி நாற்பதில் கீழ்முதுகு கெஞ்சுவது நின்றது. பதின்மூன்றரை மணி நேரக் கெடுவில் எனக்கு எப்போதும் நேரம் போவது அங்கேதான்: இறங்கி நெளிவெடுத்து, டீ குடித்து, மறுபடி ஏறுவதற்குள். அந்தப் பலன் எடையால் வந்ததா, அதே சமயத்தில் ஹேண்டில்பாரை உயர்த்தி வைத்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பந்தயத்துக்கு ஓட்டும் இளைஞர்களுக்கு வேறு தேவைகள் இருக்கலாம். என் அனுபவம் நீண்டதூரக்காரனுடையது.

மார்கழியில் ரோடு திறந்ததும் அந்த வாராந்தர ஒரு நாளை எங்கே வைப்பது என்பதுதான் மிச்சம். கடுமையாகச் சைக்கிள் ஓட்டிய அன்றைக்கே சாயங்காலம் எடையையும் முடித்துவிட்டால் மறுநாள் முழு ஓய்வாகிவிடும். எனக்கு அது செவ்வாய்க்கிழமை. புதன்கூடப் பரவாயில்லை. சனிக்கிழமை மட்டும் வேண்டாம். ஞாயிறு விடிகாலை மகாபலிபுரம் கிளம்பினால், கல்பாக்கம் வருவதற்குள் தொடை வேலைநிறுத்தம் செய்யும்.