வருஷம் முழுக்க வெளியே நடக்க முடிகிற அமெரிக்க ஊர் எது?

டல்லாஸிலிருந்து சான் டியேகோவுக்கு வீடு மாறப் போகிறோம் என்று சொன்னதும் நண்பர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: வெதருக்காகவா இவ்வளவு செலவு? ஆமாம், அதற்காகத்தான். மினியாபொலிஸில் நான்கு குளிர்காலம், டல்லாஸில் ஐந்து கோடைகாலம் பார்த்தாயிற்று. வருஷத்தில் நாலைந்து மாதம் வீட்டுக்குள்ளேயே கிடப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாங்கள் சேர்த்தோம். ஒன்றரை வருஷம் ஊர் ஊராக அலசிப் பார்த்த பிறகுதான் முடிவெடுத்தோம், அந்த அலசலைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் பேசுகிற ஃபாரன்ஹீட் கணக்கிலேயே சொல்கிறேன். 50 என்றால் 10 டிகிரி செல்சியஸ், 70 என்றால் 21, 90 என்றால் 32, 110 என்றால் 43.

என் அளவுகோல் எளிமையானது. அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. டூரிஸ்ட் விசாவில் வந்தால் ஆறு மாதம் இருப்பார். எந்த ஆறு மாதம் வந்தாலும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு தனியாக இறங்கி அரை மணி நேரம் நடந்துவிட்டு வரவேண்டும். பனியில் வழுக்கக் கூடாது, வெயிலில் மயக்கம் வரக் கூடாது. டல்லாஸில் அவர் இருந்த ஒரு ஆகஸ்டில் இரவு எட்டரை மணிக்குக்கூட நடக்க முடியாமல், மால் திறக்கும் நேரம் பார்த்துக் காரில் கூட்டிப்போய் உள்ளே நடக்க வைத்தோம். அங்கிருந்துதான் இந்தத் தேடலே ஆரம்பித்தது.

முதலில் சராசரியை நம்பி ஏமாறாதீர்கள். டல்லாஸின் வருஷச் சராசரி வெப்பநிலையையும் சான் டியேகோவின் சராசரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம். ஆனால் டல்லாஸில் அந்தச் சராசரி ஜனவரி அதிகாலை 37-க்கும் ஆகஸ்ட் மதியம் 97-க்கும் நடுவில் வருவது. சான் டியேகோவில் ஜனவரி அதிகாலை 50, ஆகஸ்ட் மதியம் 77, அவ்வளவுதான் ஆட்டம். அதனால் ஒரு ஊரைப் பார்க்கும்போது மிகக் குளிர்ந்த மாதத்தின் அதிகாலை, மிகச் சூடான மாதத்தின் மதியம், இந்த இரண்டையும் பாருங்கள். கூடவே டியூ பாயிண்ட் என்று வானிலை ஆப்பில் ஒரு எண் இருக்கும், தமிழில் பனிநிலை என்பார்கள். 60-க்குக் கீழே இருந்தால் வியர்வை சட்டென்று உலரும், 65-ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு, 70-க்கு மேல் போனால் புழுக்கம். சென்னையில் மே மாதம் இது 75-ஐத் தாண்டி நிற்கும், அந்தப் புழுக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஈரப்பத சதவீதத்தைவிட இந்த எண்தான் உடம்புக்கு உண்மையைச் சொல்கிறது.

சான் டியேகோ, டல்லாஸ், தென் கரோலினாவில் இருக்கிற சார்ல்ஸ்டன், மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், 33 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இருக்கின்றன. வெயில் விழுகிற கோணமும் பகல் நீளமும் ஒன்றுதான். ஆனாலும் மூன்றும் மூன்று உலகம். சான் டியேகோவின் மேற்கே வடக்கிலிருந்து இறங்கி வரும் குளிர்ந்த கலிஃபோர்னியா நீரோட்டம் ஓடுகிறது, கோடையில் கடலோரம் முழுவதற்கும் அதுதான் ஏசி. சார்ல்ஸ்டனுக்குக் கிழக்கே கடலில் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டம், அதனால் ஜூலையில் டியூ பாயிண்ட் 70-க்கு மேலேயே கிடக்கும். டல்லாஸுக்குக் கடலும் பக்கத்தில் இல்லை, வடக்கே குறுக்காக ஒரு மலையும் இல்லை. கனடாவின் குளிர்காற்று சமவெளியில் தடையில்லாமல் இறங்கி வந்துவிடும். 2021 பிப்ரவரியில் அப்படி வந்து டல்லாஸ் மைனஸ் 2 வரை போனது, அதாவது செல்சியஸில் மைனஸ் 19. டெக்சாஸில் லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போன அந்த வாரத்தில் எங்கள் வீட்டிலும் இரண்டு நாள் இல்லை. பால்கனியில் விழுந்த பனியை வாளியில் அள்ளி, உருகிய தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றினோம். அதே ஊரில் ஆறு மாதம் கழித்து நூறு டிகிரி. டெக்சாஸில் வேலை, வீட்டு விலை, மாநில வருமான வரி இல்லாதது எல்லாம் நல்ல விஷயங்கள்தான், மறுக்கவில்லை. வெதர் கணக்கில் மட்டும் அது என் பட்டியலில் இல்லை.

சரி, மலைக்குப் போனால்? நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான், சூடு என்றால் மலை ஏறு. கொடைக்கானல் சுமார் 7,000 அடி, அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபும் கிட்டத்தட்ட அதே உயரம். ஆனால் கொடைக்கானல் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரியில் இருக்கிறது, ஃபிளாக்ஸ்டாஃப் 35 டிகிரியில். அதே உயரம் அங்கே கோடையை மட்டும்தான் கொடைக்கானல் ஆக்கும், குளிர்காலத்தில் வாசலில் பனி வாருகிற வேலை வைக்கும். அதற்குத் தெற்கே இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் ஃபீனிக்ஸ். 2023-ல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரியைத் தொட்ட ஊர், சில ஜூலை இரவுகளில் 90-க்குக் கீழே இறங்கவே இறங்காது. வறண்ட சூடு பரவாயில்லை என்பார்கள். 110-ல் வறட்சி ஒரு ஆறுதல் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு உண்மையாகவே பிடித்துப்போனது நியூ மெக்ஸிகோவின் ஆல்புகர்க்கி. சுமார் 5,300 அடி உயரம். ஜூலை மதியம் 93 வரை போகும், ஆனால் காற்று உலர்ந்தது, வெயில் சாய்ந்ததும் சட்டென்று குளிர்ந்துவிடும், சாயங்கால நடைக்கு அருமையான ஊர். வருஷத்துக்கு ஒன்பது அங்குலம்தான் மழை. வீட்டு விலை கலிஃபோர்னியாவைவிட எவ்வளவோ குறைவு. ஆனால் ஜனவரி அதிகாலை உறைநிலைக்குக் கீழே போகும், வசந்த காலத்தில் புழுதிக் காற்று அடிக்கும், உயரமும் வறட்சியும் சேர்ந்து புதிதாக வருபவர்களுக்கு மூக்கில் ரத்தம் வருவதும் உண்டு. வேலை வாய்ப்பு குறைவு. சாண்டியா தேசிய ஆய்வுக்கூடம் பெரிய வேலை தரும் இடம்தான், ஆனால் அங்கே பெரும்பாலும் குடியுரிமை கேட்பார்கள், ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு உதவாது. குடியுரிமை வாங்கி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவராக இருந்து, கையில் இருக்கும் பணத்துக்குள் வீடு வேண்டும் என்றால் நான் முதலில் காட்டும் ஊர் இதுதான்.

கிழக்குக் கரையைச் சுருக்கமாக முடிக்கிறேன். வட கரோலினாவில் ராலி, கேரி பக்கம் அக்டோபர் மிக அழகு, ஏப்ரலும் அழகுதான், பைன் மகரந்தம் கார் மேல் மஞ்சள் பொடியாகப் படிவதைப் பொறுத்துக்கொண்டால். ஜூன் முதல் செப்டம்பர் பாதி வரை புழுக்கம். அதே மாநிலத்தின் மலைப்பக்கம், 2,100 அடியில் இருக்கும் ஆஷ்வில் கோடைக்கு நல்லது. பேரிடர் எட்டாத மலை ஊர் என்று பலர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள், 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் கொண்டுவந்த வெள்ளம் அந்த நினைப்பை உடைத்துவிட்டது. ஃபுளோரிடா, நவம்பர் முதல் ஏப்ரல் வரை மட்டும் என்றால் யாருக்கும் சளைத்ததில்லை, மயாமியில் ஜனவரி மதியம் 76. மீதி ஆறு மாதத்தில் பெரும்பகுதி புயல் பருவம், அதோடு ஏறிக்கொண்டே போகும் வீட்டுக் காப்பீட்டுச் செலவு. சியாட்டில் அதற்கு நேர் எதிர்: ஜூலை, ஆகஸ்ட் சொர்க்கம், டிசம்பரில் நாலரை மணிக்கு முன்பே இருட்டிவிடும். மழை அளவு பார்த்தால் நியூயார்க்கைவிடக் குறைவுதான், ஆனால் தூறலாகவே மாதக்கணக்கில் இழுக்கும்.

ஆக, பன்னிரண்டு மாதமும் தேறுகிற ஊர்கள் என்று எங்கள் கையில் நின்றவை மூன்று: ஹவாயின் ஹொனலூலு, கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, சான் டியேகோ.

ஹொனலூலுவை ஒரு வரியில் சொல்வதானால், சென்னையின் மார்கழியையும் மாசியையும் வருஷம் முழுக்க நீட்டி வைத்தது போல. ஜனவரி மதியம் 80, ஆகஸ்ட் மதியம் 88, 89. இரவில் 66-க்கும் 75-க்கும் நடுவில். வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வணிகக் காற்றுதான் அந்த ஊரின் உயிர், அது நின்றுபோகும் நாட்களில் நம் ஊர்ப் புழுக்கம் அப்படியே வந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தெரிந்தவர்களுக்கு ஹவாயைப் புரிந்துகொள்வது எளிது. காற்று மோதுகிற பக்கம் மழை, மலைக்குப் பின்னால் மழை மறைவு. அதனால் ஹொனலூலுவின் வைகீக்கி கடற்கரைப் பக்கம் காய்ந்து கிடக்கும், பெரிய தீவின் ஹீலோவில் வருஷத்துக்கு 120 அங்குலத்துக்கு மேல் கொட்டும். ஸ்வெட்டரே பிடிக்காத என் அம்மாவுக்கு உடம்பளவில் இதுதான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கவாய் தீவில் 1970-ல் தொடங்கிய சைவ ஆதீனம் ஒன்று இருக்கிறது, யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியின் குருமரபில் வந்தது. கருங்கல்லில் செதுக்கிய அதன் இறைவன் கோயிலுக்கு 2023-ல் குடமுழுக்கு நடந்தது. பசிபிக் நடுவில் அப்படி ஒரு இடம் இருக்கிறது என்பதே எங்களை ரொம்ப நாள் அந்தப் பக்கம் இழுத்தது.

ஆனால் போகவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்தே 2,400 மைல், ஐந்து மணி நேரத்துக்கு மேல் விமானம். பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் கப்பலில் வர வேண்டும், விலை அப்படித்தான் இருக்கும். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி மீட்டிங் என்றால் அங்கே விடியற்காலை நாலு, கோடையில் மூன்று. எங்கள் துறையில் உள்ளூர் வேலை மிகக் குறைவு. ஓய்வு பெற்ற பிறகு யோசிக்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

சான் ஹோசேயில் மச்சினன் இருக்கிறான், அதனால் நன்றாகவே தெரியும். ஜூலை மதியம் 82, இரவு 60-ஐ ஒட்டி இறங்கிவிடும், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். மே முதல் அக்டோபர் வரை அநேகமாக மழையே கிடையாது. பக்கத்து ரெட்வுட் சிட்டியில் அரசாங்கமே சோதித்துச் சொன்ன சிறந்த தட்பவெப்பம் என்று வளைவு வைத்து எழுதியிருப்பார்கள், மிகை இல்லை. இதையே சான் ஃபிரான்சிஸ்கோ என்று நினைத்துக்கொண்டு ஜூலையில் அங்கே போய் நடுங்காதீர்கள், ஐம்பது மைல் வடக்கே மூடுபனியில் 67 டிகிரியில் நிற்பீர்கள். குறை என்றால் செப்டம்பர். 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையில் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் வானமே ஆரஞ்சு நிறமானது. 2022 செப்டம்பர் 6 அன்று சான் ஹோசே 109-ஐத் தொட்டது, மச்சினன் வீட்டில் ஏசி கிடையாது, அங்கே பல பழைய வீடுகளில் கிடையாது. வேலைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை, காரில் போய்வர லிவர்மோரின் சிவா விஷ்ணு கோயில் இருக்கிறது, கறிவேப்பிலை எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் தனி வீட்டின் இடைநிலை விலை 2024-ல் 20 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. வேலை அங்கேதான் என்றால் தயங்காமல் போங்கள். வெதருக்காக மட்டும் அந்த விலை கொடுக்க வேண்டாம்.

சான் டியேகோவிலும் விலை குறைவில்லை, தனி வீடு பத்து லட்சம் டாலரை ஒட்டித்தான். மின்சாரக் கட்டணம் நாட்டிலேயே உயர்ந்த வரிசையில். ஆனால் கடலோரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த மின்சாரத்தை ஏசிக்கு அதிகம் செலவழிக்கவே வேண்டியதில்லை. இங்கே ஊர் பெயரைவிட நெடுஞ்சாலை எண்தான் முக்கியம். கடலை ஒட்டி வடக்கு தெற்காக 5-ஆம் எண் சாலை, உள்ளே 15-ஆம் எண். லா ஹோயாவில் 74 இருக்கும் கோடை மதியத்தில் எல் கஹோனில் 90-ஐத் தாண்டியிருக்கும், நடுவில் இருபது மைல்கூட இல்லை. மீரா மேசா, கார்மெல் வேலி இரண்டு சாலைகளுக்கும் இடைப்பட்டவை, நம்மவர்கள் அதிகம், காற்றும் வரும். பவேயும் ரான்சோ பெர்னார்டோவும் நல்ல பள்ளிகளுக்காகப் பலர் போகிற இடங்கள், ஆனால் செப்டம்பரில் ஏசி இல்லாமல் முடியாது.

இதன் குறைகளையும் மறைக்க மாட்டேன். மே, ஜூன் மாதங்களில் கடல் மேகம் மதியம் வரை, சில நாள் முழுக்க, சாம்பல் போர்வையாக மூடிக்கிடக்கும். வெயில் தேடி வந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். கடலும் மாறி வருகிறது. ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தின், கடலுக்குள் நீளும் பாலத்திலிருந்து 1916 முதல் தண்ணீரின் வெப்பத்தை அளந்து வருகிறார்கள், 2018 ஆகஸ்டில் அதுவரை காணாத உயரத்துக்குப் போனது, அந்தக் கோடையில் ஊரே புழுங்கியது. அப்புறம் இலையுதிர் காலத்து சாண்டா ஆனா காற்று: பாலைவனத்திலிருந்து மலை இறங்கி வரும்போதே அழுந்திச் சூடாகி, காய்ந்து அடிக்கும். 2003 அக்டோபரிலும் 2007 அக்டோபரிலும் அந்தக் காற்றில்தான் தீ ஊருக்குள் வந்தது. 2003-ன் சீடர் தீயில் மட்டும் 2,000-க்கு மேல் வீடுகள் போயின. பள்ளத்தாக்கைப் பார்த்த அழகான வீடு ஒன்றை நாங்கள் இதற்காகவே விட்டுவிட்டோம். வருஷத்துக்குப் பத்து அங்குலம் மழை பெய்கிற ஊரில், நாங்கள் வந்த முதல் ஜனவரியிலேயே, 2024 ஜனவரி 22 அன்று, இரண்டே முக்கால் அங்குலம் ஒரே நாளில் கொட்டி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததையும் பார்த்தோம்.

ஒரு ஊரை முடிவு செய்யும் முன் அதன் மோசமான மாதத்தில் போய் ஒரு வாரம் தங்குங்கள். சான் டியேகோவுக்கு ஜூன், உள்பகுதி என்றால் செப்டம்பர். சான் ஹோசேக்கு செப்டம்பர், ஹொனலூலுவுக்கும் அதேதான், ஆல்புகர்க்கிக்கு ஜனவரி. டிசம்பர் விடுமுறையில் ஃபீனிக்ஸ் போய் மயங்கி வீடு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அம்மா முதல் தடவை இங்கே வந்தது ஜனவரியில். காலையில் வீட்டுக்குள் குளிர்கிறது என்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார், இங்கே பழைய வீடுகளில் சுவர் அவ்வளவாகக் குளிர் தாங்காது. அடுத்த முறை ஆகஸ்டில் வந்தார். இரண்டு முறையும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, என்னை எதிர்பார்க்காமல், அவரே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.